முதல் விழுங்கல் விழா

வண்ணார்பேட்டையில் பிளாஸ்டிக் வாளியும் குடமும் விற்கும் பாக்கியசீலன் அண்ணாச்சி, வாயை அதிகம் திறக்கிறவர் அல்ல. கடையில் விலை சொல்லத் திறப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கீர்த்தனை பாடத் திறப்பார். மனைவி ஜெபராணி வைக்கும் மீன்குழம்புக்குத் திறப்பார். அந்த வாயைப் பரிசோதிக்க ஒரு குழு அமைக்கப்படும் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால், வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து சிரித்திருப்பார்.

அவருக்கு நோய் வாயில் இல்லை. நீர்க்கடுப்பு. ஒரு வருஷமாக வருவதும் போவதுமாக இருந்தது. வரும்போதெல்லாம் மருந்துக் கடையில் மாத்திரை கேட்டு வாங்குவார். எரிச்சல் நின்றதும் மிச்சத்தை மேசை டிராயரில் போட்டுவிடுவார். கிருமி ஒவ்வொரு மாத்திரையையும் கொஞ்சம் கொஞ்சம் ருசி பார்த்துப் பழகிக்கொண்டது. கடைசியில் பரிசோதனை செய்து பார்த்த டாக்டர், இனி ஒரே ஒரு மருந்துக்குத்தான் இந்தக் கிருமி அடங்கும், அதுவும் ஊசியாகத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஊசி போட்டுப் போட்டு இரண்டு கையிலும் நரம்பு ஒளிந்துகொண்டது. ஒரு சிறுநீரகமும் களைத்துப் போயிற்று. அந்த நிலையில்தான் அவரைக் கங்கைகொண்டான் பக்கம், நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கும் அந்தப் பெரிய கண்ணாடிக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். 'தென்மண்டல வாய்வழி நானோ மருந்து உயராய்வு நிறுவனம்' என்று பெயர். பெயரைப் படித்து முடிப்பதற்குள் பஸ் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடும் என்பதால் கண்டக்டர்கள் 'நானோ ஆஸ்பத்திரி' என்றே சொல்லி இறக்கிவிட்டார்கள்.

விஷயத்தை அவருக்கு எளிமையாகச் சொன்னவள் நர்ஸ் பெர்சிஸ். பாளையங்கோட்டைப் பெண். நரம்பு தேடும்போது மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தேடுகிறவள்.

"அண்ணாச்சி, இந்த மருந்த வெறுமன முழுங்குனா குடல் உள்ள விடாது. வந்த வழியே வெளிய போயிரும். அதனால கொழுப்புல பொடிப் பொடியா உறை செஞ்சு, அதுக்குள்ள மருந்த வச்சிருக்காங்க. அவ்வளவு பொடிசு, கண்ணுக்கே தெரியாது. அது குடல் வழியா பையப் பைய ரத்தத்துக்குள்ள போயிரும். ஊசியே வேண்டாம்."

"ஊசியே வேண்டாமா?"

"வேண்டாம். ஆனா வெறும் வயித்துல குடுக்கணும். குளிர்ப்பெட்டியில இருந்து எடுத்ததும் குடுக்கணும். சூடு பட்டா அந்தப் பொடியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாயிரும், அப்புறம் பிரயோசனமில்ல."

கர்த்தருடைய கிருபையும் கொழுப்பு உறையும் சேர்ந்தால் தன் கை பிழைக்கும் என்று பாக்கியசீலன் சந்தோஷப்பட்டார். அன்றைக்கே ஒரு கேப்சூலைக் கொடுத்துவிடுவார்கள் என்றும் நினைத்தார். தான் வந்திருப்பது ஒரு நிறுவனத்துக்குள் என்பதை மறந்துவிட்டார்.

மறுநாள் காலையில் நாலு பேர் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் பல் டாக்டர். ஒருவர் மக்கள் தொடர்பு அதிகாரி. ஒருவர் கழுத்தில் கேமரா தொங்கியது. நாலாமவர் எதற்கு வந்தார் என்பது கடைசிவரை தெரியவில்லை. ஆனால் டார்ச் லைட் அவர் கையில்தான் இருந்தது.

"வாயத் தொறங்க அண்ணாச்சி."

"எனக்குக் கோளாறு அங்கன இல்லையே."

"தெரியும். நாங்க வாய்த் தேர்வுக் குழு. மருந்து வாய்வழி மருந்து. தேசத்திலேயே இந்த மருந்து போகப் போற முதல் வாய் உங்களோடது. போட்டோவில் அது நல்லா விழணும்."

திறந்தார். மூடச் சொல்ல மறந்துவிட்டு அவர்கள் விவாதித்தார்கள். முன்பற்கள் திருப்தி என்றும், கடவாய்ப் பல் அடைப்பைக் கேமரா கோணத்தால் மறைத்துவிடலாம் என்றும், நாக்கு பொதுவாக ஒத்துழைக்கிறது என்றும் முடிவாயிற்று. அன்று முதல் அவர் நோயாளி இல்லை. 'முதல் வாய்வழிப் பயனாளி'. சாப்பாட்டுத் தட்டில்கூட அப்படித்தான் சீட்டு ஒட்டி வந்தது.

அடுத்து பண்டகசாலை. பொருள் வந்து சேர்ந்ததற்குப் பயனாளியும் சாட்சியாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்ததால், அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். பண்டகசாலை அதிகாரி சங்கரசுப்பிரமணியன் நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருந்தார். நேர்மையானவர். கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை. அவர் முன்னால் இளம் விஞ்ஞானி ஒருவர் கேப்சூல்கள் அடங்கிய குளிர்ப்பெட்டியோடு நின்றார்.

"உள்ள எத்தன துகள் இருக்கு?"

"கோடிக்கணக்குல சார்."

"கோடிக்கணக்குலன்னா? எண்ணிப் பாத்தீரா?"

"எண்ண முடியாது சார். கண்ணுக்கே தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாத சரக்க நான் எப்படிவே வரவு வைக்க? நாளைக்கு ஆடிட்டர் வந்து, 'ஒண்ணு குறையுதே'ன்னு கேட்டா நீரு பதில் சொல்லுவீரா?"

"குறையாது சார்."

"குறையாதுன்னு எப்படிச் சொல்லுதீரு? கண்ணுக்குத் தெரியாததுதான முதல்ல களவு போவும்?"

விஞ்ஞானிக்கு அழுகை வந்துவிட்டது. அவர் படித்த படிப்பில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. பாக்கியசீலனுக்கு மனசு கேட்கவில்லை. "சார், என் கடையில தண்ணிக் குடத்த எண்ணித்தான் விக்கேன். தண்ணிய எண்ணுதது இல்ல," என்றார். சங்கரசுப்பிரமணியன் பேனாவை எடுத்தார். "அப்ப கேப்சூல் ஓட்ட மட்டும் வரவு வைப்போம்," என்றார். கேப்சூல் ஓடுகள் வரவு வைக்கப்பட்டன. மருந்து, அந்த நிறுவனத்தின் கணக்குப்படி, இன்றுவரை வந்து சேரவில்லை.

இத்தனைக்கும் பிறகாவது கேப்சூல் வாய்க்கு வரும் என்று பார்த்தால், இயக்குநர் வந்தார்.

முனைவர் மகேஸ்வரன் நல்ல உயரம், நல்ல குரல். அவர் சாதாரணமாகப் பேசினாலும் எதிரே மைக் இருப்பதுபோல் இருக்கும். பாக்கியசீலனின் தோளைத் தொட்டு, "வரலாறு உங்கள் தொண்டைக்குள் இறங்கப் போகிறது," என்றார்.

"எப்பம் சார் இறங்கும்?"

"சென்னையிலிருந்து துறைச் செயலர் தேதி கொடுத்ததும்."

செயலர் ஒரு தேதி கொடுத்தார். பிறகு அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார். இன்னொன்று கொடுத்தார், அதையும் வாங்கிக்கொண்டார். இடைப்பட்ட நாட்களில் ஒத்திகை நடந்தது. கேப்சூலுக்குப் பதில் அவித்த கொண்டைக்கடலை. செயலராக நடித்தவர் நிறுவனத் தோட்டக்காரர். மேடையேறி, இடது கையால் பயனாளியின் தோளைப் பிடித்து, வலது கையால் கடலையை வாயில் வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். தோட்டக்காரர் மட்டும் கேமராவைப் பார்க்காமல், "பைய முழுங்கும் அண்ணாச்சி, தொண்டையில சிக்கிரப் போவுது," என்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அதற்காக இயக்குநரிடம் திட்டு வாங்கினார்.

இதற்குள் சிறுநீரகம் தாங்காது என்று ஊசியை நிறுத்தியிருந்தார்கள். மாலையானால் பாக்கியசீலனுக்குக் குளிர் நடுக்கம் வந்தது. ஜெபராணி போர்வைமேல் போர்வை போட்டுவிட்டு, கட்டிலோரம் முழங்காலில் நின்றாள். டாக்டர் அனுராதா, அந்த வார்டுக்குப் பொறுப்பானவள், இயக்குநர் அறைக்கே போய்ச் சண்டை பிடித்தாள். கதவு பாதி திறந்திருந்ததால், வெளியே ஒத்திகைக்காகச் சக்கர நாற்காலியில் காத்திருந்த பாக்கியசீலனுக்கு எல்லாம் கேட்டது.

"சார், நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு முதல் கேப்சூல் குடுத்தாகணும். இனிமேத் தள்ளினா கிருமி கிட்னிக்கு ஏறிரும்."

"நாளைக்குத்தானே அம்மா விழா? பதினொரு மணிக்குக் கொடுத்துவிடலாம்."

"பதினொண்ணுன்னா ஒரு மணி ஆகும். அதுவரைக்கும் அவர் சாப்பிடாம இருக்கணும். கேப்சூல் மேடையில வெளிச்சத்துல இருந்தா கெட்டுப்போகும். மருந்து காத்திருந்தாலும் கிருமி காத்திருக்காது சார்."

"கிருமிக்கும் அழைப்பிதழ் அனுப்பச் சொல்கிறீர்களா?" என்று இயக்குநர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, விழாவுக்கு முன் எந்தப் பயனாளிக்கும் எந்தத் துகளும் கொடுக்கக் கூடாது, மீறினால் பணிநீக்கம் என்று சுற்றறிக்கை அனுப்பினார்.

விழா நாள். காலை ஆறு மணிக்குப் பெர்சிஸ் குளிர்ப்பெட்டியைத் திறந்து ஒரு கேப்சூலை எடுத்தாள். எடுத்த கையோடு கட்டிலுக்கு வந்தாள்.

"சுற்றறிக்கை?" என்றார் பாக்கியசீலன்.

"அது ஆபீஸ் மேசைக்கு வந்துருக்கு. அனுராதா மேடம் எழுதுன சார்ட் கட்டில்ல தொங்குது. நான் கட்டில்ல தொங்குதத்தான் பாப்பேன் அண்ணாச்சி." கையை மூடி ஒரு நொடி கண்ணை மூடினாள். "ஆண்டவரே, இது போவ வேண்டிய எடத்துக்குப் போய்ச் சேரட்டும்."

அவர் விழுங்கினார். வரலாறு ஒரு டம்ளர் தண்ணீரோடு சத்தமில்லாமல் இறங்கிவிட்டது. பக்கத்தில் ஜெபராணி மட்டும் 'ஆமென்' என்றாள்.

பெர்சிஸ் டம்ளரை வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு கேளுங்க. அங்கன மேடையில இன்னொண்ணு குடுப்பாங்க. அத மட்டும் முழுங்கிராதீங்க. ஒரே நாள்ல ரெண்டு போனா ஒங்க கிட்னி தாங்காது."

"வேண்டாம்னு சொல்லிருதேன்."

"சொன்னா ஏன்னு கேப்பாங்க. நான் குடுத்தது தெரிஞ்சா எனக்கு வேல போயிரும்."

"அப்ப நான் என்னம்மா செய்ய?"

"அதுதான் எனக்கும் தெரியல," என்றாள் பெர்சிஸ். "ஒரு மணி நேரம் போவட்டும், இட்லி கொண்டாரேன்."

விழா மண்டபத்தின் வாசலில் பாக்கியசீலனின் வாய் தொங்கியது. முகம் இல்லை, வாய் மட்டும், பனைமர உயரப் பதாகையில், 'வருக வருக' என்ற எழுத்துகளை விழுங்குவதற்குத் தயாராக. ஜெபராணி அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏங்க, அடைச்ச பல்லு தெரியுதே. மறைச்சிருவோம்னாங்களே," என்றாள்.

மேடையில் குத்துவிளக்கு. அதன் பக்கத்தில் ரோஜா இதழ் பரப்பிய வெள்ளித் தட்டு. தட்டின் நடுவில் கேப்சூல். அதன்மேல் வீடியோக்காரரின் பெரிய விளக்கு. அனுராதா முதல் வரிசையில் உட்கார்ந்து அந்தக் கேப்சூலையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவளைப் போல.

செயலர் பன்னிரண்டரைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, களைத்த கண்கள். வந்ததும் வரவேற்புரை. மேடையில் இருந்த ஒவ்வொருவரும் பெயர், பட்டம், பதவியோடு வரவேற்கப்பட்டார்கள். கேப்சூலும் வரவேற்கப்பட்டது. பிறகு இயக்குநர் எழுந்தார்.

"ஒரு தலைமுடியின் பருமனை ஆயிரம் கூறாக்கினால், அதில் ஒரு கூறுதான் நம் துகள்! இவ்வளவு சிறிய ஒன்றுக்கு இவ்வளவு பெரிய கட்டடம் உலகில் வேறெங்கும் இல்லை." கைதட்டல். "கண்ணுக்குத் தெரியாத பணியைக் கண்ணுக்குத் தெரியச் செய்வதே நம் லட்சியம். ஆகவேதான் ஆய்வகத்துக்கு ஒதுக்கியதில் பெரும்பகுதியை இந்த மண்டபத்துக்குச் செலவிட்டோம்." மறுபடி கைதட்டல். "நம் துகளை எந்தச் சுவரும் தடுக்க முடியாது. குடல் தடுக்குமா? தடுக்காது! கோழைப்படலம் தடுக்குமா? தடுக்காது! எதையும் ஊடுருவும்! இதோ, நம் பயனாளியைப் பாருங்கள். நேற்று இரவு முதல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல், நாட்டுக்காகப் பசித்திருக்கிறார்!"

அந்த நேரம் பார்த்துப் பாக்கியசீலனுக்கு ஏப்பம் வந்தது. மைக் பக்கத்தில் இருந்தது. இட்லியும் பொரிகடலைச் சட்னியும் மண்டபம் முழுக்க ஒலித்தன.

இயக்குநர் அசரவில்லை. "கேட்டீர்களா? வெற்று வயிற்றின் ஓசை!" என்றார். மண்டபம் எழுந்து நின்று தட்டியது. முன்வரிசையில் ஒரு மூதாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாக்கியசீலனுக்குப் பாவம் செய்துவிட்டதுபோல் இருந்தது.

செயலர் எழுந்து வந்தார். இடது கை தோளில். வலது கையில் கேப்சூல். காலை முழுக்க விளக்கு வெளிச்சத்தில் கிடந்ததில் அது பழுத்த இலந்தைப்பழம்போல் மெத்தென்று இருந்தது. "வாயைத் திறங்கள்," என்றார். கேமராக்கள் மின்னின. கேப்சூல் நாக்கில் விழுந்தது. பாக்கியசீலன் அதை நாக்கால் தள்ளி, அடைத்த பல்லுக்கு அந்தப் பக்கம், இடது கன்னத்தில் ஒதுக்கிவிட்டு, மடமடவென்று தண்ணீரைக் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. கைதட்டலில் குத்துவிளக்கின் ஒரு முகம் அணைந்துவிட்டது.

எல்லாம் முடிந்தது என்று அவர் எழுந்தபோது அறிவிப்பாளர் சொன்னார்: "இப்போது பயனாளியின் ஏற்புரை!"

மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கன்னத்தில் கேப்சூல் கரைய ஆரம்பித்திருந்தது. வேப்பெண்ணெயை எலுமிச்சை விதையோடு அரைத்ததுபோல் கசப்பு. உமிழ்நீர் ஊறியது. விழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது. பின்வாசல் ஓரம் பெர்சிஸ் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு நின்றதை அவர் பார்த்தார். அந்தப் பிள்ளையின் சம்பளத்தில்தான் அவள் தம்பி படிக்கிறான் என்று ஜெபராணி சொல்லியிருந்தாள்.

"எழ்ழாருக்கும்…" என்றார். "ழொம்ப… ஸ்தோத்திழம்." கசப்பில் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"உணர்ச்சிப் பெருக்கால் நா தழுதழுக்கிறது," என்று இயக்குநர் மைக்கை வாங்கிக்கொண்டார். "ஏழை எளியவரின் கண்ணீரைவிடப் பெரிய ஆய்வு முடிவு வேண்டுமா?"

பொன்னாடை போர்த்தினார்கள். பாக்கியசீலன் தும்முவதுபோல் குனிந்து, அதன் மடிப்புக்குள் எல்லாவற்றையும் துப்பிவிட்டார். ஆண்டவரே, பிழைத்தேன் என்று மூச்சு விட்டார்.

ஆனால் அந்த நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. பொன்னாடை ஒன்றே ஒன்றுதான். ஒருவருக்குப் போர்த்தி, போட்டோ எடுத்ததும் உருவி, மடித்து, அடுத்தவருக்குப் போர்த்துவார்கள். மக்கள் தொடர்பு அதிகாரி, பாக்கியசீலன் தோளிலிருந்து அதை லாகவமாக உருவினார். அவர் "சார், சார்," என்று பிடித்து இழுத்துப் பார்த்தார். "அண்ணாச்சி, ஆசப்படாதேயும், வேற துண்டு தாரோம்," என்று அதிகாரி காதில் சொல்லிவிட்டுப் போய்ச் செயலருக்குப் போர்த்திவிட்டார்.

செயலரின் வெள்ளைச் சட்டையில், தோள்பட்டையிலிருந்து மெல்ல ஒரு மஞ்சள் கறை கிளம்பியது. இறங்கியது. சட்டைப்பை வரைக்கும் வந்தது. இயக்குநர் ஒரு நொடி பார்த்தார். பிறகு அவருக்கே உரிய குரலில், "சொன்னேன் அல்லவா! எதையும் ஊடுருவும்!" என்றார். பழக்கத்தில் நாலைந்து பேர் தட்டினார்கள்.

செயலரைப் பக்கத்தில் இருந்த பாக்கியசீலனின் வார்டுக்கு அழைத்துப் போய், சோப்பும் வெந்நீருமாகச் சட்டையைத் துடைக்கப் பெர்சிஸிடம் விட்டார்கள். பாக்கியசீலன் மனசு கேட்காமல் அவர்கள் பின்னாலேயே வந்துவிட்டார். அறையில் வேறு யாரும் இல்லை.

செயலர் அவரைப் பார்த்தார். "நீங்க முழுங்கலை, இல்ல?"

பாக்கியசீலன் தரையைப் பார்த்தார்.

"எங்கம்மா கடைசி வருஷம் பூரா மாத்திரையைக் கன்னத்துல ஒதுக்கி வச்சு, நான் அந்தப் பக்கம் திரும்பினதும் துப்பிடுவாங்க. அந்தக் கன்னத்தை எனக்கு நல்லாத் தெரியும். ஏன் முழுங்கலை? பயமா?"

"பயமில்ல சார். மருந்து எனக்கு வேணும். உசுரே அதுலதான் இருக்கு. ஆனா…" பெர்சிஸைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். வாழ்க்கையிலேயே அவ்வளவு இறுக்கமாக மூடியதில்லை.

பெர்சிஸ்தான் துணியைக் கீழே வைத்தாள். "காலையில ஆறு மணிக்கே நான் குடுத்துட்டேன் சார். டாக்டர் எழுதுன நேரம் அதுதான். தப்புன்னா என் மேலதான். அண்ணாச்சிக்கு மிச்ச நாளும் அந்த நேரத்துக்கே கெடைக்கணும். அத மட்டும் பாத்துக்கிடுங்க."

செயலர், காலையில் மிஞ்சி மேசைமேல் இருந்த இட்லியைப் பார்த்தார். "இதுல மிச்சம் இருக்கா? விடியக்காலை விமானம். இன்னும் ஒண்ணும் சாப்பிடலை," என்றார்.

மேடையில் உட்காருகிறவர்களை எல்லாம் தூரத்து மனிதர்களாகவே பார்த்துப் பழகிய பாக்கியசீலன், தானே தட்டை எடுத்துக் கழுவி, சட்னி ஊற்றிக் கொடுத்தார். செயலர் கறைபட்ட சட்டையோடு நின்றுகொண்டே நாலு இட்லி சாப்பிட்டார். கை கழுவிய பின் இயக்குநரைக் கூப்பிட்டார்.

"மகேஸ்வரன், சட்டையில இப்படி ஆனதால விழா முறையா நிறைவடைஞ்சதா நான் எடுத்துக்க முடியாது. மறுபடி நான் வந்துதான் தொடக்கி வைக்கணும். அதுவரைக்கும் இங்க ஒரு விழாவும் கூடாது. மருந்தை மட்டும் டாக்டர் எழுதின நேரத்துக்கு நர்ஸ் கொடுக்கட்டும். அது விழா இல்லையே, வெறும் சிகிச்சைதானே?"

"வெறும் சிகிச்சைதான் ஐயா," என்றார் இயக்குநர், கொஞ்சம் அருவருப்போடு.

செயலர் போகும்போது பெர்சிஸிடம், "சட்டை பரவாயில்லம்மா," என்று மட்டும் சொன்னார்.

செயலர் பிறகு வரவே இல்லை. தினமும் ஆறு மணிக்குக் குளிர்ப்பெட்டி திறந்தது, டம்ளர் நிறைந்தது. நடுக்கம் நின்றது. எரிச்சல் நின்றது. இந்த முறை எரிச்சல் நின்ற பிறகும் பாக்கியசீலன் கடைசிக் கேப்சூல் வரை ஒழுங்காகச் சாப்பிட்டார். பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தபோது அனுராதா தாளைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் ஓடி வந்தாள். ஜெபராணி அவளையும் பெர்சிஸையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

வீட்டுக்குப் புறப்படும் அன்று இயக்குநர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். முகம் வாடியிருந்தது.

"உங்களை ஆய்வில் சேர்க்க முடியாது பாக்கியசீலன். தொடக்க விழா நிறைவடையாததால் மருந்து இன்னும் தொடங்கப்படவில்லை. நீங்கள் அதற்குள் குணமாகிவிட்டீர்கள். தொடங்காத மருந்தால் ஒருவர் குணமாவது அறிவியலுக்கு எதிரானது."

"மன்னிச்சிருங்க சார்," என்றார் பாக்கியசீலன். ஆண்டறிக்கையில் அவர் 'மருந்து அளிக்கும் முன்னரே தானாக நலமடைந்து, ஒத்துழைப்பை நிறுத்திக்கொண்டவர்' என்று பதிவானார்.

மழைக்காலம் முடிந்து அவர் மறுபரிசோதனைக்குப் போனபோது, வார்டில் மேலப்பாளையத்து மைதீன் பாத்திமா படுத்திருந்தாள். அறுவை செய்த இடத்தில் அதே மாதிரி அடங்காத கிருமி. கை இரண்டும் நீலம் பாரித்துக் கிடந்தன. பெர்சிஸ் முகம் சோர்ந்திருந்தது.

"பழைய செயலர் மாறிட்டாரு அண்ணாச்சி. புதுசா வந்தவரு தேதி குடுத்துட்டாரு. மறுபடியும் விழா. இவங்களத்தான் மேடையேத்தப் போறாங்க. நேத்து வாய்த் தேர்வுக் குழு வந்துட்டுப் போச்சு. இவங்களால உக்காரவே முடியல. 'வாய் போதிய அளவு திறக்கவில்லை'ன்னு எழுதி, ஒத்திகைக்கு நாள் குறிச்சிருக்காங்க. விழா முடியுத வரைக்கும் மருந்து குடுக்கக் கூடாதாம்."

பாக்கியசீலன் கட்டிலைப் பார்த்தார். பிறகு மாடியேறி நேரே இயக்குநர் அறைக்குப் போனார். கேட்காமலே உள்ளே நுழைந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சார், மேடையில உக்காந்து வாயத் தொறக்க ஒரு ஆளு வேணும். அவ்வளவுதான?"

"சுருக்கமாகச் சொன்னால், ஆம்."

"என் வாயத்தான் முன்னாலயே பாத்துச் சரின்னுட்டீங்களே. நான் வந்து உக்காருதேன். உள்ள மருந்து இல்லாத ஓட்ட மட்டும் குடுத்தாப் போதும். வெளிய இருந்து பாத்தா என்ன தெரியப் போவுது? அந்தப் பொம்பளைக்கு ஆஸ்பத்திரியில குடுக்குதபடி குடுக்கட்டும்."

இயக்குநர் யோசித்தார். துகள் கண்ணுக்குத் தெரியாதது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் மேடையில் ஒன்றுதான். பதாகையும் கையில் இருக்கிறது. பண்டகசாலைக் கணக்கிலும் ஓடுதான் உண்டு.

"உங்களைப் போன்றவர்களால்தான் அறிவியல் வளர்கிறது," என்று எழுந்து கை கொடுத்தார்.

விழா அன்று பாக்கியசீலன் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. வார்டுக்குள் போனபோது சரியாகப் பெர்சிஸ் குளிர்ப்பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். மைதீன் பாத்திமாவைத் தலைப்பக்கம் லேசாக நிமிர்த்தினார்கள். அவள் 'பிஸ்மில்லா' சொல்லி விழுங்கினாள். பெர்சிஸ் கண்ணை மூடித் தன் ஜெபத்தைச் சொன்னாள். பாக்கியசீலன் டம்ளரைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்காவ நீங்க போய் மேடையில உக்காரணுமா அண்ணாச்சி?" என்றாள் மைதீன் பாத்திமா, மூச்சு வாங்க. "ஒங்களுக்கு ஒண்ணும் ஆயிராதே?"

"எனக்கென்னம்மா ஆவப்போவுது?" போர்வையை அவள் பாதம் வரை இழுத்துவிட்டார். "நீங்க பேசாம கண்ண மூடிப் படுங்க. நான் போயி அவங்க பேச்சக் கேக்கணும், அவ்வளவுதான். அது எந்தக் குடலுக்குள்ளயும் போவாது."